எங்கள் பூனை வெல்லத்துக்கு எந்தச் சாப்பாடு? வீட்டுச் சோறா, பாக்கெட்டா, கறியா

போன வருடம் அக்னி நட்சத்திரம் தொடங்கி ஒரு வாரம்கூட ஆகவில்லை. ராத்திரி 11 மணிக்கு எங்கள் பூனை வெல்லம், அவன் ஒன்றுக்கும் இரண்டுக்கும் போக வைத்திருக்கும் மண் தட்டில் ஏறி உட்கார்ந்தான், இறங்கினான், மறுபடி ஏறினான். கால் மணி நேரத்தில் 7 தடவை. ஒவ்வொரு தடவையும் முதுகை வளைத்து முக்கினான். மண்ணில் ஒரு பொட்டு ஈரம் இல்லை. மலச்சிக்கல் என்று நினைத்து நான் விளக்கெண்ணெய் பாட்டிலைத் தேடிக்கொண்டிருந்தேன். பையன்தான் அவன் அடிவயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "அம்மா, எலுமிச்சம்பழம் மாதிரி கெட்டியா இருக்கும்மா" என்றான்.

மூத்திரம் அடைத்திருந்தது. ஆண் பூனைகளுக்கு மூத்திரக் குழாய் நூல் மாதிரி. அதில் மணல் போல உப்புத் துகளோ சளியோ சிக்கினால் அடைத்துக்கொள்ளும். ஒன்றிரண்டு நாளில் உயிரே போய்விடும். அன்றைக்கு ராத்திரியே தூக்கிக்கொண்டு ஓடியதால் பிழைத்தான். மயக்கம் கொடுத்து, டியூப் போட்டு, 3 நாள் வைத்திருந்து அனுப்பினார்கள். எல்லாம் முடிந்த பிறகு டாக்டரம்மா கேட்ட முதல் கேள்வி: "என்ன சாப்பாடு போடறீங்க? ஒரு நாளைக்குத் தண்ணி எவ்ளோ குடிக்கிறான்?" இரண்டுக்கும் என்னிடம் ஒழுங்கான பதில் இல்லை. ஒரு வருடமாகத் தினமும் என் கையால் தட்டு வைத்தவள் நான். அந்த வெட்கம் இன்னும் மனசில் இருக்கிறது.

"சாப்பாடு மட்டும்தான் காரணம்னு சொல்ல முடியாது. பயம், பதட்டம், இடம் மாத்தறது, உடம்பு எடை எல்லாம் சேரும். ஆனா தண்ணி உள்ள போறதக் கூட்டுங்க" என்று சொல்லி அனுப்பினார். அதற்குப் பிறகு 3 மாதம் நோட்டு போட்டு எழுதினேன். என்ன போட்டேன், எவ்வளவு தின்றான், மண் தட்டில் மூத்திரம் பட்டு எத்தனை மண் உருண்டை விழுந்தது, என்ன செலவு என்று. பூனை வளர்க்கும் வீடுகளில் பேசும்போதெல்லாம் இதே கேள்விதான் வருகிறது. அதனால் அந்த நோட்டில் இருப்பதையும், டாக்டரம்மாவிடம் கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டதையும் சேர்த்து எழுதுகிறேன்.

முதலில் எங்கள் வீட்டு நிலவரம். வேலூர் சத்துவாச்சாரியில் முதல் மாடி. நான், வீட்டுக்காரர், அத்தை, ஒன்பதாவது படிக்கும் பையன். ஓர் ஐப்பசி மழையில் மாடிப்படிக்கு அடியில் நனைந்து கத்திக்கொண்டிருந்த குட்டிதான் வெல்லம். நிறத்தைப் பார்த்துப் பையன் வைத்த பெயர். இப்போது 4 கிலோவும் கொஞ்சமும் இருக்கிறான், குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் ஆகிவிட்டது, வெளியே விடுவதில்லை. அத்தைக்குச் சர்க்கரை இருக்கிறது. வாரத்தில் 2 நாள்தான் கவுச்சி. கிருத்திகை, அமாவாசை, புரட்டாசி எல்லாம் கண்டிப்பு. இதையெல்லாம் சொல்வதற்குக் காரணம் உண்டு. பூனைக்கு எது நல்லது என்பது ஒரு கேள்வி. அது இந்த வீட்டில் நடக்குமா என்பது இன்னொரு கேள்வி.

நாங்கள் ஆரம்பித்த வழி எல்லோரும் ஆரம்பிக்கிற வழிதான். நாம் சாப்பிடுவதில் அதற்கும் ஒரு வாய். பால், தயிர்சாதம், இட்லி, ஞாயிற்றுக்கிழமை குழம்பில் பிசைந்த சோறு. அத்தை அதற்காகவே ஒரு கைப்பிடி அரிசி கூடப் போடுவார். அவருடைய பிறந்த ஊர் குடியாத்தம் பக்கத்துக் கிராமம். "எங்க ஊட்ல மல்லாட்டை மூட்டை அடுக்கி வச்ச அறையில ஒரு பூனை இருந்துச்சி. களி கிண்டின சட்டியில மோர் ஊத்திக் கரைச்சி வப்போம். பன்னெண்டு வருசம் இருந்துச்சிம்மா. பாக்கெட்டா வாங்கிப் போட்டோம்?" என்பார்.

அத்தை சொல்வதில் பொய் இல்லை. ஆனால் அந்தப் பூனையை 12 வருடம் காப்பாற்றியது களி இல்லை, அந்த மல்லாட்டை (நிலக்கடலை) அறையின் எலிதான். ஒரு முழு எலியில் தசை, ஈரல், இதயம், எலும்பு, முக்கால் பங்குக்கு நெருக்கமாகத் தண்ணீர் எல்லாம் இருக்கிறது. பூனைக்கு அதைவிடப் பொருத்தமான சாப்பாடு கிடையாது. களியும் மோரும் மேலே போட்ட தாளிப்பு மாதிரி. எங்கள் மாடி வீட்டில் அந்த எலி இல்லை. எலியை எடுத்துவிட்டு மோரை மட்டும் வைத்தால் பூனைக்கு என்ன மிச்சம்?

பூனை முழுக்க முழுக்கக் கறி தின்னப் பிறந்த உடம்பு. நாய் அப்படி இல்லை, நாம் அப்படி இல்லை. நமக்கு ஒரு சத்து குறைந்தால் வேறொன்றிலிருந்து உடம்பு செய்துகொள்ளும். முருங்கைக்கீரையிலும் கேரட்டிலும் இருக்கும் கரோட்டினை நம் உடம்பு வைட்டமின் ஏ ஆக்கிக்கொள்கிறது. பூனைக்கு அந்த வேலை தெரியாது. ஈரலிலோ மீன் எண்ணெயிலோ முட்டையிலோ ஆயத்தமாக வந்தால்தான் உண்டு. டாரின் என்ற சத்தும் அப்படித்தான். கறியிலும் மீனிலும் மட்டும் நிறைய இருக்கிறது, அரிசியிலும் பருப்பிலும் இல்லை. 1987இல் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் பால் பியான் என்ற கால்நடை மருத்துவரும் கூட இருந்தவர்களும் ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். கம்பெனி உணவு தின்றே வளர்ந்த பூனைகளுக்கு இதயம் பெருத்துத் தளர்ந்துபோனது டாரின் குறைவால்தான். டாரின் கொடுத்ததும் பல பூனைகள் தேறின. அதற்குப் பிறகுதான் கம்பெனிகள் உணவில் டாரினைக் கூட்டின. குறைந்தால் கண் பார்வையும் போகும், போனது திரும்பாது. தயிர்சாதத்தில் வளரும் பூனைக்கு இது உடனே வெளியில் தெரியாது. ஒரு வருடம், இரண்டு வருடம் கழித்துத் தெரியும்.

பால் விஷயம் எல்லோருக்கும் வருத்தமாக இருக்கும். குட்டி தாய்ப்பாலை விட்ட பிறகு பால் சர்க்கரையைச் செரிக்கும் தன்மை பெரும்பாலான பூனைகளுக்குக் குறைந்துவிடுகிறது. வெல்லத்துக்கு ஆறு மாதமாக விட்டுவிட்டு வந்த கழிச்சல், பாலை நிறுத்திய வாரமே நின்றது. பால் பாயசம், பிஸ்கட் எல்லாம் ஆசையாய்க் கொடுப்பதும் வீண். பூனைக்கு இனிப்புச் சுவையே தெரியாது, அதற்கான ஜீன் பூனை இனத்தில் வேலை செய்வதில்லை என்று 2005இல் பிலடெல்பியாவின் மோனெல் மையத்து ஆய்வாளர்கள் காட்டினார்கள். அது வாய் வைப்பது கொழுப்பு மணத்துக்காக.

இந்த வழியில் உண்மையிலேயே பயப்பட வேண்டியது வெங்காயமும் பூண்டும். பூனையின் சிவப்பு அணுக்களை உடைக்கும். வேக வைத்தாலும் அரைத்தாலும் அந்த நஞ்சு போகாது. சின்ன வெங்காயமும் பூண்டும் இல்லாத கறிக்குழம்பு நம் பக்கத்தில் எந்த வீட்டில் இருக்கிறது? "கறியை மட்டும் கழுவிப் போட்டேன்" என்றாலும் சாறு உள்ளே இறங்கித்தான் இருக்கும். வெந்த எலும்பும் கூடாது, ஊசியாக உடைந்து குடலைக் குத்தும். ஆக முதல் வழியை நான் மொத்தமாக விட்டுவிட்டேன். ஒன்று மட்டும் சொல்லியாக வேண்டும். அத்தை அந்த ஒரு வாயை வைத்தது பாசத்தால். அதை நிறுத்தச் சொல்லும்போது வேறொன்றை அவர் கையில் கொடுக்க வேண்டும். இப்போது காலை 7 மணித் தட்டு அத்தையின் பொறுப்பு.

அடுத்தது நாங்கள் ஒரு வருடம் நடந்த வழி: உலர் உணவு. கடையில் விஸ்காஸ், மீ-ஓ, ட்ரூல்ஸ் என்று வரிசையாக இருக்கும். இதைக் குறை சொல்லவே எனக்கு மனசு வராது. 'முழுமையான, சமச்சீர் உணவு' என்ற பொருளில் அச்சடித்திருந்தால் டாரின், வைட்டமின் ஏ, கால்சியம் எல்லாம் கணக்கோடு உள்ளே இருக்கும். ஊருக்குப் போனால் பக்கத்து வீட்டுக்காரர்கூட வைத்துவிடலாம். 100 கிராமில் சுமார் 350 முதல் 400 கலோரி. வீட்டுக்குள் இருக்கும் 4 கிலோ பூனைக்கு ஒரு நாளைக்கு 200 முதல் 250 கலோரி போதும், அதாவது 60 கிராம். என் விலைக்கு மாதம் 700 ரூபாய்க்குள் முடிந்தது.

நாங்கள் செய்த தவறுகள் வேறு. ஒன்று, கிண்ணம் நிறையக் கொட்டி வைத்தோம். ஆபரேஷன் ஆன பூனைக்குப் பசி கூடும், தேவை குறையும். வெல்லம் 5 கிலோ தாண்டினான். இரண்டு, சில மாதம் ஒரு கடையில் மூட்டையைப் பிரித்து எடை போட்டுத் தரும் உணவை வாங்கினேன், மலிவு என்று. அதில் என்ன இருக்கிறது, எப்போது தயாரானது, எப்போது கெடும் என்று எழுதிய தாள் இல்லை. நம் ஊர் வெயிலில் திறந்த மூட்டையில் இருக்கும் கொழுப்பு காறிப்போகும். பையை மோந்து பார்த்தால் பழைய எண்ணெய் வாடை அடித்தது. அதைப் பொருட்படுத்தாமல் போட்டேன். வெல்லம் அதில் பாதியை விட்டபோது, "திமிர் பிடிச்சவன்" என்று சொன்னது நான்தான்.

மூன்றாவது, தண்ணீர். இதுதான் முழுக் கணக்கையும் திருப்பிப் போட்டது. பூனையின் மூதாதை வறண்ட நிலத்துக் காட்டுப்பூனை. இரையிலிருந்தே தண்ணீரை எடுத்துக்கொண்ட இனம். தாகம் எடுத்துக் கிண்ணத்தைத் தேடிப் போகும் பழக்கம் அதற்குக் குறைவு. 4 கிலோ பூனைக்கு ஒரு நாளில் சாப்பாட்டில் இருப்பதையும் சேர்த்து 200 மில்லி அளவுக்குத் தண்ணீர் உள்ளே போக வேண்டும். உலர் உணவில் நூற்றுக்குப் பத்து அளவுதான் ஈரம் இருக்கும். 60 கிராமில் 6 மில்லி, ஒரு மேசைக்கரண்டிகூட இல்லை. மீதி அத்தனையும் அவனாகக் குடிக்க வேண்டும். சுற்றிலும் பாறை மலை, பாலாற்றில் மணல், 40 டிகிரியைத் தாண்டும் கத்திரி. இந்த ஊரில் உலர் உணவை மட்டும் போட்டு ஒரு கிண்ணம் தண்ணீரை ஓரத்தில் வைத்தால் போதும் என்று நினைத்தது எங்கள் தப்பு. எல்லாப் பூனைக்கும் அடைக்கும் என்று சொல்லவில்லை. உலர் உணவிலேயே நன்றாக இருக்கும் பூனைகள் ஏராளம். ஆனால் எடை கூடிய ஆண் பூனை, வீட்டை விட்டு வெளியே போகாதவன், வேலூர் கோடை. இவை மூன்றும் ஒன்று சேர்ந்தால் நான் அந்த வழியில் மறுபடி போகமாட்டேன்.

கடித்துத் தின்பதால் பல் சுத்தமாகும் என்று ஒரு பேச்சு உண்டு. சாதாரண உலர் உணவுக்கு அந்தச் சக்தி இல்லை, பெரும்பாலும் முழுங்கத்தான் செய்கின்றன.

ஈர உணவு, அதாவது பவுச். கறியோ மீனோ துண்டாகச் சாற்றில் கிடக்கும். முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர். 80 கிராம் பவுச் 3 கொடுத்தால் சாப்பாட்டிலேயே 180 மில்லிக்கு மேல் தண்ணீர் போய்விடுகிறது. மேலே சொன்ன 6 மில்லியோடு இதை வைத்துப் பாருங்கள். டாக்டரம்மா ஏன் சொன்னார் என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. பவுச்சுக்கு மாறிய முதல் வாரத்தில் தட்டில் விழுந்த மண் உருண்டைகள் 2இலிருந்து 4 ஆயின, ஒவ்வொன்றும் எலுமிச்சை அளவில். அதை எண்ணிச் சந்தோஷப்பட்டேன் என்றால் பூனை வளர்க்காதவர்களுக்கு விளங்காது.

ஆனால் 3 பவுச் என்றால் எனக்கு நாளுக்கு 135 ரூபாய், மாதம் 4,000. எங்கள் வீட்டுக்கு அது கட்டுப்படியாகாது. அதோடு எல்லாப் பவுச்சும் முழு உணவு இல்லை. சிலது துணை உணவு என்று பின்பக்கம் சின்ன எழுத்தில் போட்டிருப்பார்கள். அதை மட்டுமே போட்டு வளர்த்தால் பழைய சத்துக்குறைவுதான் வேறு பக்கமாக வரும். பிரித்ததை மே மாதத்தில் ஒரு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்கவும் முடியாது. மிச்சத்தை ஃபிரிட்ஜில் வைத்தால் அடுத்த வேளை ஜில்லென்று இருக்கும், பூனை தொடாது.

இங்கே ஒன்றைக் கிட்டத்தில் காட்ட வேண்டும். முதல் நாள் பவுச்சைப் பிரித்துத் தட்டில் வைத்தேன். வெல்லம் வந்தான், மோந்தான், முன்னங்காலால் தட்டைச் சுற்றித் தரையைப் பறண்டினான், மண் தட்டில் போனதை மூடுவது போல. போய்விட்டான். ருசி பிடிக்கவில்லை, 45 ரூபாய் போச்சு என்று நினைத்தேன். பையன் கிண்ணத்தை வெந்நீர்ச் சட்டியில் 2 நிமிடம் வைத்து, விரலால் தொட்டால் நம் உடம்புச் சூடு தெரிகிற அளவில் மறுபடி வைத்தான். அலமாரி மேலிருந்து மூக்கு முதலில் இறங்கியது, பிறகு பூனை. பூனை நாக்கில் சுவை மொட்டு சில நூறுதான், நமக்கு ஆயிரக்கணக்கில். அது சாப்பாட்டை முடிவு செய்வது மூக்கால். ஆறிய உணவில் மணம் எழும்பாது.

கடைசியாக, நாமே சமைத்துப் போடும் கறியும் மீனும். நான் மிகவும் ஆசைப்பட்ட வழி இதுதான். ஞாயிற்றுக்கிழமை மீன் மார்க்கெட்டுக்குப் போனால் மீன்கார அக்கா, "ஊட்ல பூன கீதுன்னு சொன்னியே கண்ணு, தல, குடலு எல்லாம் கீது, எட்துனு போ, காசு வாணாம்" என்று ஒரு கவரில் கட்டிக் கொடுப்பார். சந்தோஷமாகத்தான் இருக்கும். ஆனால் பச்சை மீனில் கவனம் வேண்டும். கெண்டை இனம், நெத்திலி போன்ற பல மீன்களில், முக்கியமாகக் குடலிலும் தலையிலும், வைட்டமின் பி1ஐ அழிக்கும் பொருள் இருக்கிறது. தினமும் பச்சையாகத் தின்றால் பூனை தள்ளாடும், கழுத்து தொங்கும், வலிப்பு வரும். வேக வைத்தால் அந்தப் பொருள் செத்துவிடும். வெந்த மீனும் நாள் தவறாமல் கூடாது. எண்ணெய்ச் சத்துள்ள மீனே தினமும் போனால் வைட்டமின் ஈ குறைந்து உடம்புக் கொழுப்பு வீங்கி வலிக்கும் நோய் வரும். 'பூனை என்றால் மீன்' என்பது நம் பேச்சில்தான். பூனைக்கு மீன் வாரத்தில் ஒருநாள் விருந்து, அவ்வளவுதான்.

கோழி நல்லது. தோல் நீக்கி, எலும்பு நீக்கி, உப்பு மஞ்சள் எதுவும் இல்லாமல், தண்ணீர் கொஞ்சமாக ஊற்றி வேக வைக்க வேண்டும். வெந்த தண்ணீரைக் கொட்டக் கூடாது, டாரின் அதில்தான் இறங்கியிருக்கும். சாறோடு வைத்தால் தண்ணீரும் உள்ளே போகும். ஆனால் வெறும் கோழிக்கறியையே முழுச் சாப்பாடாக்க முடியாது. சதையில் கால்சியம் கிட்டத்தட்ட இல்லை, பாஸ்பரஸ் நிறைய. வளரும் குட்டிக்கு இதை மட்டும் போட்டால் எலும்பு மெலிந்து தானாக முறியும். ஈரலைச் சேர்த்தால் சரியாகும் என்று தினமும் ஈரல் போட்டால் வைட்டமின் ஏ மிஞ்சிப்போய்க் கழுத்து எலும்பு இறுகும். சமைத்த உணவிலேயே பூனையை வளர்ப்பவர்கள் கால்சியம், டாரின், வைட்டமின் கலவையை நிறுத்துச் சேர்க்கிறார்கள், கால்நடை மருத்துவரிடம் எழுதி வாங்கி. கை அளவில் சமைக்கும் எனக்கு அந்தத் துல்லியம் வராது. குழம்புக்குப் புளி கொஞ்சம் கூடினால் சரி செய்துகொள்ளலாம். இதில் தப்பு தெரியவரும்போது ஒரு வருடம் போயிருக்கும்.

அதோடு புரட்டாசி வேறு இருக்கிறது. எங்கள் வீட்டுச் சமையலறையில் அந்த மாதம் கோழி வேகாது. அதில் நான் வாதாடவும் மாட்டேன்.

எல்லோரும் கேட்கும் இன்னொரு கேள்வி: "தினமும் ஒரே சாப்பாடா? பாவம் இல்லையா?" நமக்கு 3 நாள் தொடர்ந்து உப்புமா வைத்தால் முகம் சுளிப்போம். அந்த மனசோடுதான் பூனைத் தட்டையும் பார்க்கிறோம். பூனைக்கு வகை வேண்டாம் என்றில்லை. குட்டியாக இருக்கும்போது, ஆறு மாதத்துக்குள், உலர்ந்தது, ஈரமானது, கோழி, மீன் என்று பலதும் பழக்கினால் பிறகு எதையும் ஏற்கும். ஒரே உணவில் வளர்ந்தது நோய் வந்து உணவை மாற்றச் சொல்லும்போது பட்டினி கிடக்கும். ஆனால் இன்றைக்கு ஒன்று, நாளைக்கு ஒன்று என்று திடீர் திடீரென மாற்றினால் கழிச்சல்தான் மிச்சம். புதியதைக் கால் பங்கில் ஆரம்பித்து 7 முதல் 10 நாளில் முழுசாக மாற்ற வேண்டும். "பசிச்சா தானா தின்னும்" என்று பட்டினி போடவே கூடாது. குண்டான பூனை இரண்டு மூன்று நாள் சாப்பிடாமல் இருந்தால் கொழுப்பு ஈரலில் போய்ச் சேர்ந்து மஞ்சள் காமாலை வரும். சாப்பிடாமல் சுருண்டு கிடந்தால் காய்ச்சல் மாத்திரை கொடுக்கலாமா என்று அத்தை ஒருமுறை கேட்டார். பாராசிட்டமால் அரை மாத்திரைகூடப் பூனையைக் கொன்றுவிடும். அட்டையையே மேல் அலமாரிக்கு மாற்றிவிட்டேன்.

வகை வகையாகச் சாப்பிட வேண்டியது உண்மையில் நாங்கள்தான். வெல்லத்தின் தட்டைப் பிரித்தபோதுதான் எங்கள் தட்டு கண்ணில் பட்டது. காலை இட்லி, மதியம் சோறு, ராத்திரி தோசை, மூன்றும் அரிசி. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2024இல் வெளியிட்ட 17 நெறிகளில் முதலாவதே பலவகை உணவு என்பதுதான். தானியத்திலிருந்து வரும் கலோரி 45 சதவீதத்தைத் தாண்ட வேண்டாம் என்றும் சொல்கிறது. எங்கள் வீட்டில் அது எவ்வளவு தாண்டியிருக்கும் என்று எண்ணவே பயமாக இருந்தது. பூனைக்காகக் கூடப் போட்ட கைப்பிடி அரிசியை முதலில் நிறுத்தினோம். வாரத்தில் 2 நாள் கேழ்வரகுக் களி சின்ன உருண்டையாக, கூட நிறையக் கீரைக் கடைசல். ஒருநாள் ஜவ்வாது மலைச் சாமை. மொச்சையும் காராமணியும் முளைகட்டி. இலவம்பாடி முள்ளுக்கத்தரிக்காய் வரும் நாட்களில் காரக்குழம்பு. 2023இல் புவிசார் குறியீடு வாங்கிய காய் அது, காம்பில் முள் குத்தும், வெந்தால் வெண்ணெய். பையன் முதலில் களியைத் தொடவில்லை. வெல்லத்துக்குச் செய்ததையே அவனுக்கும் செய்தோம், கால் பங்கில் ஆரம்பித்தோம். இதில் ஒரு வாய்கூட வெல்லத்துக்குப் போவதில்லை.

சரி, நாங்கள் எடுத்த முடிவு. காலையும் ராத்திரியும் உலர் உணவு, மொத்தம் 35 கிராம், சமையல் தராசில் நிறுத்து. மூடிய பாக்கெட்டில் வாங்கியது மட்டும். இரண்டு வேளையும் இரண்டு மேசைக்கரண்டி வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றி வைக்கிறோம். மதியம் பாதி, சாயங்காலம் பாதி என்று முழு உணவு எனப் போட்டிருக்கும் பவுச் ஒன்று. கவுச்சி நாட்களில் இரண்டு விரல் அளவுக் கோழிக்கறி சாறோடு, சுமார் 15 கிராம். மொத்தக் கலோரியில் பத்தில் ஒரு பங்கை ஒட்டியே அதை வைத்துக்கொள்ளச் சொன்னார் டாக்டரம்மா. எல்லாம் சேர்த்து 220 கலோரி, மாதம் 1,900 ரூபாய். எறும்புக்குக் கிண்ணத்தைத் தண்ணீர் ஊற்றிய தாம்பாளத்தில் வைக்கிறோம். குடிக்கிற தண்ணீர் 3 இடத்தில், சாப்பாட்டுத் தட்டுக்குத் தள்ளி, வாய் அகன்ற சட்டியில். பிளாஸ்டிக் கிண்ணத்தில் குடிக்காதவன் அத்தை கொண்டுவந்த மண் சட்டியில் மூக்கு நனையக் குடிக்கிறான்.

இந்தச் செலவு முடியாதவர்கள் கேட்டால் என் பதில்: முழு உணவு என்று எழுதிய உலர் உணவையே அளந்து போடுங்கள், வெந்நீர் ஊற்றி ஊற வைத்து, அரை மணியில் மிச்சத்தை எடுத்துவிடுங்கள். தயிர்சாதத்தை விட, குழம்புச் சோற்றை விட, தினசரி மீன் குடலை விட அது எத்தனையோ மேல். பணம் தாங்கும், ஏற்கெனவே மூத்திரக் கோளாறு வந்த ஆண் பூனையும் இருக்கிறது என்றால் பவுச்சையே முக்கியமாக்குங்கள், அல்லது மருத்துவர் எழுதித் தரும், மூத்திரக் கோளாறுக்கான உணவுக்குப் போங்கள். குட்டி என்றால் சமைத்ததை மட்டும் போட்டு வளர்க்க வேண்டாம். எந்த வழியானாலும் மண் தட்டில் ஈரம் விழாமல் பூனை ஏறி இறங்கினால் விடியும் வரை காத்திருக்காதீர்கள்.

இந்த வருடக் கத்திரி வெல்லத்துக்குத் தொந்தரவில்லாமல் போனது. எடை 4.3 கிலோ. அடுத்து புரட்டாசி. அந்த மாதம் கோழிக்கறி கிடையாது, பவுச் மட்டும் என்று சொல்லிவிட்டேன். பவுச்சிலும் மீன் இருக்கிறதே என்று நேற்று அத்தையிடம் கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அவன் விரதமா இருக்கான்? மொட்டமாடி தொட்டி பக்கம் தனி கிண்ணம் வச்சிக் குடு. நானே எட்துனு போறேன்" என்றார்.